வீட்டினுள்ளே ஒரு கம்பிப் பாதை



எங்கள் ஊருக்கு முதலாவது வானொலிப் பெட்டி வந்தபோது அதனைப் பார்க்கச் சென்ற என் பாட்டனார், கொழும்பிலிருந்து வரும் கம்பி எங்கே மறைந்திருக்கிறது என்று பெட்டியின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தாராம். கம்பியின்றி ஒலி வரக்கூடும் என்பதை அவர் நம்புவதற்குச் சில நாட்கள் சென்றன. இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. கைத்தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகிய யாவும் கம்பியின் தொடர்பின்றியே செய்தி பெறக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். சில மாதங்களுக்கு முன்னர் நான் வீட்டின் முன்னறையிலிருந்து பின்னறைக்கு ஒரு கம்பியை இழுக்க முற்பட்டபோது, "வைபை இருக்கத்தக்கதாக ஏன் அப்பா வயர்?" என்று என் மகள் வியப்புடன் வினவினாள். அவ்வினாவுக்கு அன்று நான் கூறிய விடையைச் சற்று விரித்து இன்று உங்களுக்குக் கூறலாமென எண்ணுகின்றேன். பௌதிகம் என் பாடமன்று. நான் கற்றவை வரலாறும் தமிழுமே. ஆதலால் நுணுக்கமான வரைவிலக்கணங்களை என்னிடம் எதிர்பாராது, பட்டறிந்த ஒருவனின் கூற்றாக இதனைக் கேட்பீர்களாக.

கம்பி இழுக்க நேர்ந்த காரணத்தை முதலிற் சொல்லவேண்டும்.

எங்கள் பாடசாலை ஒரு நூற்றாண்டைக் கடந்தது. மாணவர் சேர்விடாப்புகளும், அதிபர்கள் தம் கையால் எழுதிவைத்த சம்பவத்திரட்டுப் புத்தகங்களும் ஓர் இரும்பு அலுமாரியில் வைக்கப்பட்டிருந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்தோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, அக்காலத்து அதிபர் தம் வீட்டுப் பொருள்களை விட்டுத் துவிச்சக்கரவண்டியின் பின்னிருக்கையிற் கட்டக்கூடிய அளவு புத்தகங்களை மட்டும் எடுத்துச் சென்றார். அவ்வாறு தப்பியவை பதினொன்று. மற்றவை, திரும்பி வந்து பார்த்தபோது இல்லை. சென்ற ஆண்டு முதியவர் ஒருவர் தமது வயதுக்குச் சான்று தேடி என்னிடம் வந்தார். அவர் எங்கள் பாடசாலையிற் கற்றவர் என்பதில் ஐயமில்லை. தமக்குக் கற்பித்த ஆசிரியர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். ஆயின், அவர் சேர்ந்த ஆண்டுக்குரிய இடாப்பு தப்பிய பதினொன்றில் இல்லை. அவரை வெறுங்கையுடன் அனுப்பிவைத்த அன்று மாலையே, எஞ்சியவற்றையேனும் படமெடுத்துப் பல பிரதிகளாக வைத்தல் வேண்டுமென்று தீர்மானித்தேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுட் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை என்பதை இந்த மாவட்டத்தில் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

உரிய அனுமதி பெற்று, ஒவ்வொரு புத்தகமாக வீட்டிற்குக் கொண்டுவந்து, விடுமுறை நாட்களில் மின்வருடியினாற் பதிவு செய்யத் தொடங்கினோம். பதிவு செய்த படங்கள் முன்னறைக் கணினியில் ஒரு பிரதியாகவும், பின்னறையிலுள்ள பழைய கணினியில் இன்னொரு பிரதியாகவும் இருத்தல் வேண்டும். மூன்றாவது பிரதி வேற்றூரில் இருத்தல் வேண்டும். இதுவே எங்கள் திட்டம்.

நிறம் மாறாமலும் சுருக்காமலும் எடுத்த ஒரு பக்கத்தின் படம் ஏறக்குறைய 25 மெகாபைற்று அளவினது. 400 பக்கங்கொண்ட ஒரு புத்தகம் 10 கிகாபைற்று ஆகிவிடும். இதனைக் கம்பியில்லா வழியாகப் பின்னறைக்கு அனுப்ப ஒரு மணி நேரத்தை அண்மித்த காலம் சென்றது. காலம் சென்றதைக்கூடப் பொறுக்கலாம். இடையிடையே தொடர்பு அறுந்ததே பெருந்தொல்லை. ஓரிரவு அனுப்பிவிட்டு உறங்கச் சென்று, காலையிற் பார்த்தபோது, 1938ஆம் ஆண்டுக்குரிய பக்கங்களில் மூன்று மேற்பாதி மட்டுந் தெரிய, கீழ்ப்பாதி வெறுமையாகக் கிடந்தன. பெயரும் இலக்கமும் சரியாக இருந்தமையால், திறந்து பாராதவர் அவை முழுமையானவை என்றே நம்பியிருப்பர். மூலப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, முன்னறைப் பிரதியும் பின்னர் பழுதாகியிருந்தால், அந்த மூன்று பக்கங்களில் உள்ள பிள்ளைகளும் இல்லாமற் போயிருப்பர்.

என் முதல் எண்ணம் புதிய ரவுட்டர் ஒன்றை வாங்குவதாகவே இருந்தது. ரவுட்டர் என்பது, வெளியிலிருந்து வரும் இணையத் தொடர்பைப் பெற்று வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் சிறு பெட்டி என்பதைப் பலரும் அறிவீர்கள். கடையிலே ஆறு அன்ரெனாக்களைக் கொண்ட ஒன்றைக் காட்டினார்கள். கவிழ்த்துவைத்த நண்டு போல இருந்தது. அதன் விலையைக் கேட்டபின் நான் யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன். மறுநாள் எங்கள் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் இளம் ஆசிரியரிடம் இதைப்பற்றிக் கூறினேன். அவர் வீட்டிற்கு வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சேர், ரவுட்டரை மாத்தவேண்டாம். அது தன்ர வேலையைச் செய்யட்டும். ஒரு சின்னச் சுவிச்சும் நல்ல வயரும் போதும்" என்றார்.

எங்களது பழைய நாற்சார் வீடு. சுண்ணாம்புக்கல்லாற் கட்டப்பட்ட தடித்த சுவர்கள். வானொலி அலை சுவரை ஊடுருவும்போது வலிமை குன்றும். சுவர் தடிக்கத் தடிக்க, அலையின் அதிர்வெண் உயர உயர, அக்குறைவு மிகும். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் இரு வரிசைகளில் இயங்குகின்றன. முன்னையது தூரஞ் செல்லும், வேகங் குறைவு. பின்னையது வேகமானது, ஆனால் எங்கள் வீட்டு இரண்டாவது சுவரைக் கடக்கும்போதே களைத்துவிடுகிறது. இவ்வளவும் நான் ஊகித்திருந்தவைதாம். அறியாதிருந்தது இன்னொன்று.

வைபை முறையில் ஓர் அலைவரிசையை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. வகுப்பறையில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்மூடியிருக்க வேண்டுவது போல, ஒரு கருவி அனுப்பும்போது பிற கருவிகள் காத்திருக்கின்றன. இருவர் ஒரே கணத்திற் பேசிவிட்டால் இரண்டும் குழம்பி, மீண்டும் சொல்லவேண்டும். எங்கள் படங்கள் இதிலே இரட்டைத் தண்டனை பெற்றன. முன்னறைக் கணினி அவற்றை அலைவழியே ரவுட்டருக்கு அனுப்புகிறது. ரவுட்டர் அதே அலைவழியே பின்னறைக் கணினிக்கு மீண்டும் அனுப்புகிறது. ஒரு பக்கம் இருமுறை வானிற் பறக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண், சுவரில்லாத இடத்தில், போட்டிக்கு எவருமில்லாத வேளையில், ஏட்டளவிற் பெறக்கூடிய உச்சம். எங்கள் பின்னறையில் அதற்கு யாதொரு பொருளுமில்லை.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி. நான் படித்தது வரலாறு ஆதலால் பொறுத்தருள்க. இன்று வீடுகளிலும் அலுவலகங்களிலும் கம்பிவழித் தொடர்புக்கு வழங்கும் 'ஈதர்நெற்' என்னும் முறை, கம்பியில்லா முறையொன்றைக் கண்டு பிறந்ததாகும். ஹவாய்த் தீவுகளிலே கடலாற் பிரிக்கப்பட்ட பல்கலைக்கழகக் கிளைகளை இணைக்கும்பொருட்டு, நோர்மன் ஏபிரம்சன் என்பாரின் தலைமையில் 1971இல் வானொலி அலைவழியே ஒரு கணினி வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. எல்லா நிலையங்களும் ஒரே வானைப் பங்கிட்டுக்கொண்ட அம்முறையைக் கற்ற றொபேட் மெற்காவ், கலிபோர்னியாவில் செறொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1973இல் அதே எண்ணத்தை ஒரு கம்பியினுள்ளே புகுத்தினார். டேவிட் பொக்ஸ் என்பார் அவருக்குத் துணைநின்றார். ஒளி பரவுவதற்கு வெளியெங்கும் நிறைந்திருப்பதாக முற்காலத்து விஞ்ஞானிகள் கற்பித்த 'ஈதர்' என்னும் பொருளின் பெயரையே அக்கம்பிக்கு இட்டனர். தொடக்கத்தில் அக்கம்பியிலும் ஒருவர் பேச மற்றவர் காத்திருக்கவேண்டியிருந்தது. காலஞ் செல்லச்செல்ல அந்நிலை நீங்கி, ஒவ்வொரு கருவிக்கும் தனிக்கம்பி, அக்கம்பியிற் போவதற்கும் வருவதற்கும் ஒரே வேளையில் இடம் என்னும் நிலை ஏற்பட்டது. அந்நிலையை உண்டாக்கியது, எங்கள் இளம் ஆசிரியர் குறிப்பிட்ட சுவிச் என்னும் பெட்டி.

சுவிச் என்றவுடன் விளக்கை ஏற்றும் ஆளியை எண்ணவேண்டா. இஃது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. ஐந்து அல்லது எட்டுத் துவாரங்கள் இருக்கும். கருவி ஒவ்வொன்றுக்கும் அது செய்யப்பட்ட இடத்திலேயே ஒரு முகவரி எழுதப்பட்டிருக்கிறது. எந்த முகவரிக்குரியவர் எந்தத் துவாரத்தின் வழியே பேசுகிறார் என்பதைச் சுவிச் கவனித்து நினைவிற்கொள்கிறது. பின்னர் அவருக்குரிய செய்தியை அத்துவாரத்துக்கு மட்டுமே அனுப்புகிறது. நாம் அதற்கு எதனையும் கற்பிக்கத் தேவையில்லை. செருகினாற் போதும்.

என் மனத்தில் ஓர் ஐயம் இருந்தது. எங்கள் ரவுட்டரின் பின்புறத்தில் நான்கு துவாரங்கள் இருக்கின்றன; அவை வினாடிக்கு 100 மெகாபிற் என்னும் வேகத்துக்கு மேற் செல்லாதவை. மலிவான பெட்டிகள் பலவற்றிலும் இதுவே நிலை. 1995இல் வரையறுக்கப்பட்ட வேகம் அது. வினாடிக்கு 1,000 மெகாபிற், அதாவது ஒரு கிகாபிற் செல்லும் முறை, சாதாரணச் செப்புக் கம்பிக்கு 1999இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அப்படியானால், கிகாபிற் சுவிச்சை இந்தப் பழைய ரவுட்டரில் இணைத்தால், ரவுட்டரின் வேகத்துக்கு அதுவும் இறங்கிவிடாதா? மாட்டுவண்டியின் பின்னாற் கட்டிய மோட்டார்வண்டி போல ஆகிவிடாதா?

ஆகாது என்பதே விடை. பலரும் தவறாக எண்ணும் இடம் இதுவே. ஒரே ஒழுங்கையில் எதிரெதிரே வாழும் இருவர் தமக்குள் ஒரு கடிதத்தைக் கொடுத்து வாங்குவதற்கு அதனைத் தபாற் கந்தோருக்கு அனுப்பவேண்டியதில்லை. அயலூருக்குச் செல்வதே தபாற் கந்தோர் வழியாகச் செல்லவேண்டியது. சுவிச்சில் இணைந்த இரு கணினிகளும் தமக்குள் பரிமாறுவது சுவிச்சோடு நின்றுவிடும், ரவுட்டரை எட்டாது. ரவுட்டருக்குச் செல்லும் ஒரு கம்பி மட்டும் 100இல் இயங்கும். மற்றவை 1,000இல் இயங்கும். வெளியிணையத்துக்குப் போவதும், கைத்தொலைபேசியிலிருந்து வருவதுமே அந்த ஒடுங்கிய வாசலைக் கடக்கவேண்டும். முகவரிகளை வழங்குதல், கம்பியில்லாத் தொடர்பு, வெளியுலகத் தொடர்பு என்னும் பணிகளை ரவுட்டர் முன்போலவே செய்துகொண்டிருக்கும்.

பிற், பைற்று என்னும் இரண்டினையும் மயங்காதிருத்தல் நன்று. எட்டுப் பிற் சேர்ந்தது ஒரு பைற்று. ஆகவே 100 மெகாபிற் வேகத்தில் ஒரு வினாடிக்கு 12 மெகாபைற்றளவிலும், கிகாபிற் வேகத்தில் 120 மெகாபைற்றளவிலும் செல்லும். உறைச்செலவு போன்ற கழிவுகள் நீங்க, நடைமுறையில் 11 என்றும் 110 என்றும் கொள்ளலாம். விளம்பரங்களிற் பிற்றும், கணினித் திரையிற் பைற்றும் வருதலால், தாம் ஏமாற்றப்பட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். எட்டாற் பிரித்துப் பார்த்தால் வருத்தம் பாதி குறையும்.

இனிக் கம்பி. இதில்தான் நாங்கள் அதிகம் பாடுபட்டோம்.

கம்பியின் உறையை உரித்துப் பார்த்தால், எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாகப் பின்னப்பட்ட நான்கு சோடிகளாக இருக்கக் காணலாம். இப்பின்னல் அழகுக்காக அன்று. இரண்டு கம்பிகளை முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் மின் இடையூறு இரண்டையும் ஒரேவிதமாகத் தாக்கும். இரண்டிற்குமுள்ள வேறுபாட்டை மட்டும் நோக்கும் கருவிக்கு அவ்விடையூறு தெரியாமற் போகும். தொலைபேசியைத் தந்த அலெக்சாந்தர் கிரகம் பெல், 1881இலேயே இம்முறைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். இன்றைய கணினி வலையமைப்புகள் அந்த முறுக்கிலேதான் தங்கியிருக்கின்றன. கம்பிகளை முனையிற் செருகும்போது முறுக்கைத் தேவைக்கு மேல் அவிழ்த்தல் கூடாது. அரை அங்குலம் அவிழ்த்தாற் போதும். எங்கள் மின்னிணைப்பாளர், பார்வைக்கு நேர்த்தியாக இருக்கவேண்டுமென்று முதலில் மூன்று அங்குலத்தை அவிழ்த்து நீவிவிட்டார்.

கம்பியின் தரத்தைக் 'கற்றகரி' என்னும் எண்ணாற் குறிப்பர். கற்றகரி 5ஈ என்று அச்சிட்டது, 100 மீற்றர் தூரம் வரை கிகாபிற் வேகத்துக்குப் போதுமானது. கற்றகரி 6 சற்று மேலானது. விலை வேறுபாடு சிறிதாயின் அதையே வாங்கலாம். ஆனால் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்கியதில் நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம். முதலில் வாங்கிய கம்பி விலை குறைவு, எடையும் குறைவு. குனிந்து வளைத்தபோது ஓரிழை முறிந்தது. இளம் ஆசிரியர் அதைக் கத்தியாற் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பின் நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு. இத்தகைய கம்பி எளிதில் முறியும், மின்தடையும் கூடியது. முழுச் செம்பாலானதே வேண்டுமென்று கேட்டு வாங்குதலும், வாங்குமுன் ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்தலும் கடைக்காரருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. புளியைக்கூட நாம் வாயில் வைத்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

கம்பியைத் தீராந்தியின் மேலாகக் கொண்டுசென்றோம். நிலத்தோடு இழுத்தால் கால் தடுக்கும். கூரையில் இழுத்தால் எலி கடிக்கும். ஆதலாற் பிளாஸ்ரிக் குழாயினுள்ளே விட்டோம். 230 வோல்ற்று மின்சாரம் செல்லும் கம்பிகளோடு ஒரே குழாயில் இதனைச் செலுத்துதல் ஆபத்தானது. அவற்றுக்கு அருகே நெடுந்தூரம் இணையாகச் செல்லவிடுதலும் நன்றன்று. கடக்கவேண்டியவிடத்திற் குறுக்கே செங்குத்தாகக் கடந்துவிடலாம். எங்கள் வளவிலே சற்று விலகியிருக்கும் கொட்டிலுக்கும் ஒரு கம்பி இழுக்கலாமென்று நான் விரும்பினேன். இளம் ஆசிரியர் ஒருப்படவில்லை. சித்திரை மாதத்திலும் ஐப்பசி மாதத்திலும் நம் நாட்டில் இடிமின்னல் மிகுதி. வெட்டவெளியில் இரு கட்டடங்களுக்கிடையே செல்லும் செப்புக் கம்பி, அருகில் மின்னல் விழும்போது மின்னழுத்தத்தை ஏற்று, இருபுறத்துக் கருவிகளையும் எரித்துவிடக்கூடும். அத்தகைய இடத்துக்கு, மின்சாரத்தைக் கடத்தாத கண்ணாடி இழையே ஏற்றது. கொட்டிலுக்குக் கம்பி இழுக்கும் ஆசையை அத்துடன் விட்டேன்.

எல்லாம் முடிந்து, முதற் புத்தகத்தைப் பின்னறைக்கு அனுப்பினோம். முன்னர் ஒரு மணி நேரமெடுத்தது பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. எனக்கு மிக்க மகிழ்ச்சி. தேநீர் கொண்டுவரச் சொன்னேன். இளம் ஆசிரியரோ தேநீரைத் தொடாமல் சுவிச்சின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சேர், இது நூறிலதான் ஓடுது" என்றார். கிகாபிற் தொடர்புக்குப் பச்சை விளக்கும், அதற்குக் குறைந்ததற்கு மஞ்சள் விளக்கும் எரிவது எங்கள் சுவிச்சின் இயல்பு. எரிந்தது மஞ்சள்.

காரணம் இதுதான்: 100 மெகாபிற் வேகத்துக்கு நான்கு சோடிகளுள் இரண்டு போதும், செம்மஞ்சட் சோடியும் பச்சைச் சோடியும் வேலை செய்ய, நீலமும் கபிலமும் சும்மா இருக்கும். கிகாபிற்றுக்கோ நான்கு சோடியும் வேண்டும். முனையை நசுக்கிப் பொருத்தும்போது கபிலக் கம்பி ஒன்று உள்ளே சரியாகத் தொடாமல் நின்றுவிட்டது. கருவிகள் குறைகூறாமல் தாமாகவே 100க்கு இறங்கிக்கொண்டன. இவ்வகைப் பிழையின் கொடுமை யாதெனில், எல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும். ஆகையால் எவரும் தேடமாட்டார். வீட்டில் ஏற்கெனவே கம்பி இழுத்திருப்போர் இன்றே தம் சுவிச்சின் விளக்கையோ, கணினியிற் காட்டும் இணைப்பு வேகத்தையோ ஒருமுறை பார்ப்பது நல்லது.

முனையை வெட்டி எறிந்து மீண்டும் பொருத்தினோம். வெள்ளை கலந்த செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை கலந்த பச்சை, நீலம், வெள்ளை கலந்த நீலம், பச்சை, வெள்ளை கலந்த கபிலம், கபிலம்: இந்த வரிசை இரண்டு முனைகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். நீலச் சோடியை நடுவில் வைத்துப் பச்சைச் சோடியை அதன் இருபுறமும் பிரித்து வைப்பது ஏனென்று நான் கேட்டேன். பழைய தொலைபேசிச் செருகிகளில் நடுவிரண்டும் தொலைபேசிக்குரியனவாக இருந்தமையால் வந்த வழக்கம் என்றார். விளக்கு பச்சையாக எரிந்தது. 10 கிகாபைற்று இரண்டு நிமிடத்துக்குள் சென்றுவிட்டது. தேநீர் ஆறிவிட்டது, அதனாலென்ன.

இன்னும் விரைவானதை வாங்கலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். 2.5 கிகாபிற் வேகத்துக்குரிய முறை 2016இல் வகுக்கப்பட்டது. கற்றகரி 5ஈக் கம்பியே அதற்கும் போதும். புதிய ரவுட்டர் சிலவற்றில் அத்தகைய துவாரமும் வருகிறது. ஆனால் எங்கள் பின்னறைக் கணினியிலுள்ளது சுழலும் பழைய வன்தட்டு. வினாடிக்கு 100 மெகாபைற்று அளவில் எழுதுவதற்கே அது மூச்சு வாங்குகிறது. எழுதுபவனின் கை ஓயும்போது சொல்பவன் விரைந்து பயனென்ன? அந்தப் பணத்துக்கு நாங்கள் இன்னொரு வன்தட்டை வாங்கினோம்.

ஒரு விபத்தையும் மறையாது சொல்லிவிடுகிறேன். கம்பி இழுத்து இரண்டு வாரங்களுக்குப் பின், முன்னறையைத் துப்புரவு செய்த நான், சுவிச்சின் அருகே ஒரு கம்பியின் நுனி தொங்கக் கண்டு, கழன்றுவிட்டதென்று எண்ணி வெற்றுத் துவாரத்திற் செருகினேன். அக்கம்பியின் மறுநுனி அதே சுவிச்சின் இன்னொரு துவாரத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. சில வினாடிகளில் எல்லா விளக்குகளும் ஒருங்கே வெறிகொண்டவை போலச் சிமிட்டின. கணினிகள் மட்டுமல்ல, கைத்தொலைபேசிகளும் தொடர்பிழந்தன. எல்லோருக்குமாக அனுப்பப்படும் அறிவித்தல் ஒன்று ஒரு துவாரத்தால் வெளியேறி மறு துவாரத்தால் உட்புகுந்து, மீண்டும் வெளியேறி, முடிவின்றிச் சுற்றிப் பெருகி, எல்லா வழியையும் அடைத்துவிட்டது. இத்தகைய வட்டங்களைத் தானே கண்டறிந்து துண்டிக்கும் முறையை றேடியா பேர்ள்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1985இல் வகுத்தார். அம்முறையை விளக்க அவர் ஒரு சிறு கவிதையும் இயற்றினார் என்றறிந்தபோது, கணினித் துறையின்மேல் எனக்கிருந்த அச்சம் சற்றுத் தணிந்தது. எனினும் வீட்டுக்கு வாங்கும் மலிவான சுவிச்சுகள் பலவற்றில் அம்முறை இடம்பெறுவதில்லை. இப்போது ஒவ்வொரு கம்பியின் இருநுனியிலும் சிறு கடதாசித் துண்டில் அது செல்லுமிடத்தை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கம்பி வந்ததால் வைபை ஒழிந்துவிடவில்லை, இன்னும் நன்றாகியது. நகராத பொருள்களைக் கம்பிக்கு மாற்றியதால், வானிலே பேசுவோர் குறைந்தனர். கைத்தொலைபேசிகளுக்கு இடம் கூடியது. மேலும், அலுமாரியிற் கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றைப் பின்னறைக் கம்பியின் முடிவில் வைத்து, அவ்விடத்துக்கு வைபை பரப்பும் நிலையமாக்கினோம். இதில் ஒரு கவனம் வேண்டும். பழைய ரவுட்டர் முகவரி வழங்கும் வேலையை நிறுத்திவிடவேண்டும். இல்லையேல் ஒரே பாடசாலையில் இரண்டு அதிபர்கள் நேரசூசி தயாரித்த கதையாகும். அதன் சொந்த முகவரியையும் முதலாவது ரவுட்டரோடு மோதாதவாறு மாற்றி, வெளியிணையத்துக்குரிய துவாரத்தை விட்டு, வீட்டுக் கருவிகளுக்குரிய துவாரம் ஒன்றிற் கம்பியைச் செருகவேண்டும். இரண்டு ரவுட்டர்களுக்கும் ஒரே பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு, 2.4 கிகாஹேர்ட்ஸ் வரிசையில் ஒன்றை 1ஆம் தடத்திலும் மற்றதை 6ஆம் அல்லது 11ஆம் தடத்திலும் வைத்தால் ஒன்றோடொன்று இடறமாட்டா.

"அப்ப இன்ரநெற்றும் பத்து மடங்கு விரைவா வருமோ?" என்று என் மனைவியார் கேட்டார். வராது. வெளியிலிருந்து எவ்வளவு தருகிறார்களோ அவ்வளவுதான் வரும். வீட்டினுள்ளே குழாயைப் பெருப்பித்ததால் கிணற்றில் நீர் கூடாது. முன்னர் பின்னறைக்கு வருமுன் வீணாகிய பங்கு இப்போது வீணாவதில்லை, அவ்வளவே இலாபம்.

அனுப்பிய ஒவ்வொரு படத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் செயலியொன்றையும் இப்பொழுது இரவுதோறும் இயக்குகிறோம். முன்னர் இதற்கு நேரம் இடந்தரவில்லை. இப்போது பாத்திரங் கழுவி முடிப்பதற்குள் ஒரு புத்தகம் ஒப்பிடப்பட்டுவிடுகிறது. 1938ஆம் ஆண்டுக்குரிய அந்த மூன்று பக்கங்களும் முழுமையாக இரு கணினிகளிலும் இருக்கின்றன. மூன்றாவது பிரதியைச் சுமக்கும் வன்தட்டு, மன்னாரில் இருக்கும் என் தமக்கையார் வீட்டில் இருக்கிறது. மாதமொருமுறை அங்கே சென்று அதனை மாற்றி வருகிறேன்.

பதினொன்றில் ஒன்பது முடிந்தன. எஞ்சிய இரண்டின் பக்கங்களும் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றைச் சேதமின்றிப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.